கொள்ளைக் கொட்டிவிட்டு நீரைக் குடிக்காதீர்கள்

உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், புரத மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "பயறில் இருப்பது அரைகுறைப் புரதம்தானே?" என்று கேட்கிறார்கள். இதே கேள்வி சென்ற வாரமும் வந்தபோது, விரிவாக எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, நரிப்பயறு ஆகியவற்றின் உலர்ந்த விதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் புரதம் உள்ளது. துவரைக்கும் உளுந்துக்கும் இவை இளைத்தவை அல்ல. ஆனால் கணக்கிடும்போது உலர்ந்த விதையையே நிறுத்துப் பாருங்கள். வெந்தபின் நீரேறி எடை இரு மடங்குக்கு மேல் கூடிவிடும்.

'அரைகுறை' என்ற குற்றச்சாட்டு புரதத்தை ஆக்கும் கூறுகளான அமினோ அமிலங்களைப் பற்றியது. அவற்றில் பயறுகளில் லைசின் என்பது மிகுதி, மெத்தியோனின் என்பது குறைவு. அரிசி, கோதுமை, சிறுதானியங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. ஆகவே தானியத்தையும் பயறையும் உண்பவருக்கு ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரு நாளைய உணவில் இரண்டும் இடம்பெற்றால் போதும். வெறும் கொள்ளை மட்டுமே தின்று யாரும் வாழ்வதில்லை என்னும்போது, அதைத் தனியே எடுத்து நிறுத்திக் குறை சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

உடல் இளைக்கும் என்று நம்பி, கொள்ளை வேகவைத்த நீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் குப்பையில் கொட்டுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அந்த விதையிலேயே தங்கியிருக்கின்றன.

இரவு முழுவதும் ஊறவையுங்கள். ஊறிய நீரை வடித்துவிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். இரு விரல்களுக்கிடையே நசுக்கினால் நடுவில் கட்டி தட்டாமல் மசியும்வரை வேகவையுங்கள். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் நன்றாகக் கொதித்தால்தான் வலுவிழக்கும். முளைகட்டினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது மேம்படும். முளைகட்டியது என்பதற்காகக் கொள்ளையோ மொச்சையையோ பச்சையாகத் தின்னாதீர்கள்.

பழக்கமில்லாதவர்கள் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளந்தே தரப்படுகின்றன. இதைப் படித்துவிட்டு அவர்கள் தாமாக எதையும் கூட்ட வேண்டாம், மருத்துவரைக் கேட்டுவிட்டு உண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.