மேகசினும் கஜானாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

துப்பாக்கியின் அடியில் தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டிக்கும் வாராவாரம் கடையில் தொங்கும் பத்திரிகைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? இரண்டும் அரபியின் மக்ஸன் என்ற சொல்லிலிருந்து வந்தவை. சேமித்து வைக்கும் இடம், கிடங்கு என்று பொருள். அதே வேரில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த இன்னொரு சொல் கஜானா. மக்ஸன் இத்தாலி, பிரான்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கடை ஆக்கிவிட்டார்கள். ரஷ்யனிலும் மகஸீன் என்றால் கடைதான், துப்பாக்கிப் பெட்டிக்கும் அதே பெயர்தான்.

ஆங்கிலத்தில் அது முதலில் கிடங்கு, அப்புறம் வெடிமருந்துக் கிடங்கு. 1857 மே 11 அன்று கலகக்காரர் கையில் சிக்கக்கூடாது என்று ஆங்கிலேயரே வெடிவைத்துத் தகர்த்த தில்லி மேகசின் இந்த வகை. அதன் வாசல் இன்னும் காஷ்மீரி கேட் பக்கம் நிற்கிறது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தன் இதழுக்கு ஜென்டில்மன்ஸ் மேகசின் என்று பெயர் வைத்ததும் ‘தகவல் கிடங்கு’ என்ற எண்ணத்தில்தான். 1860களில் ஸ்பென்சர், ஹென்றி போன்ற தொடர்துப்பாக்கிகள் தோட்டாக்களை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் கிடங்கு துப்பாக்கிக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் பெட்டி வடிவத்துக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் வந்த லீ-என்ஃபீல்டுதான் நம் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் சுமந்த த்ரீ நாட் த்ரீ.

தமிழில் என்ன சொல்வது? ‘தோட்டாப் பெட்டி’ என்றால் தோட்டா விற்பனைக்கு வரும் அட்டைப்பெட்டி என்று நினைத்துவிடுவார்கள். ‘உறை’ என்றால் இடுப்பில் கட்டும் தோல் உறை. ஈழத்தில் ரவை என்றால் தோட்டா. அதை வைத்து அங்கே வழங்கும் ரவைக்கூடு எனக்குக் கச்சிதமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் ரவை என்றதும் உப்புமா ஞாபகம் வரும், சரி, அவர்கள் தோட்டாக்கூடு என்று எழுதட்டும்.

கூட்டின் மேல் இருக்கும் அடையாளங்களுக்கு முத்திரை என்ற பழைய சொல்லே போதும். ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் செம்பழுப்பு பிளாஸ்டிக் கூட்டில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் அது இஷெவ்ஸ்க் நகர ஆலையில் செய்தது, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் தூலா நகர ஆலையில் செய்தது. வட்டத்துக்குள் 10 என்றால் பல்கேரியா. பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி; பணியிலிருந்து கழித்து விற்றால் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்கும். அமெரிக்க எம்-16 துப்பாக்கியின் கூட்டில் தயாரிப்பாளர் பெயர் அடித்தட்டில் இருக்கும். அந்தத் தட்டு கழற்றி மாட்டக்கூடியது, அதனால் தட்டில் கோல்ட் (Colt) என்ற கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பதற்காக மொத்தக் கூடும் கோல்ட் தயாரிப்பு என்று சத்தியம் பண்ண முடியாது.

மேற்பூச்சு என்ற சொல்தான் சிக்கல். எஃகுக் கூட்டின் நீலக்கருப்பு நிறம் பூசியது கிடையாது, எஃகின் மேல்தோலையே ரசாயனத்தால் காந்த ஆக்சைடாக மாற்றுவது அது, ஆகவே நீலமேற்றல் என்பதே சரி. (ஆங்கிலத்தில் இதற்கு புளூயிங் என்று பெயர், வேட்டிக்கு நீலம் போடுவதற்கும் அதே சொல்தான், அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் ஜாக்கிரதை.) மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பது பாஸ்பேட் ஏற்றியது; 1915இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தின் பெயரால் அதைப் பார்க்கரைசிங் என்பார்கள். அலுமினியக் கூட்டின் சாம்பல் தோல் மின்வேதி முறையில் வருவது.

இந்தத் தோல் தேய்வதைத் தேய்மானம் என்றாலே போதும். மாட்டிக் கழற்றும்போது துப்பாக்கியில் உரசும் பக்கவாட்டிலும், கொக்கி பிடிக்கும் இடத்திலும், விளிம்புகளிலும்தான் முதலில் வெள்ளை உலோகம் எட்டிப்பார்க்கும். உரசவே வாய்ப்பில்லாத பள்ளங்கள்கூட ஒரே சீராகப் பளபளத்தால் அது தேய்மானம் இல்லை, யாரோ உட்கார்ந்து தேய்த்த வேலை.