"அரசு இன்னும் பணம் தரலை" என்று பள்ளி சொன்னால் கட்டிவிடாதீர்கள்

கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, எல்.கே.ஜி. படிக்கும் மகளின் டைரியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினார். "ஆர்.டி.இ. தொகை வரவில்லை, பெற்றோர் கட்டவும்." கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை, தொகை மட்டும் பென்சிலில். வட்டிக்கு வாங்கிக் கட்டியும் விட்டார், ரசீது கொடுக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.இ.) தனியார் பள்ளி ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்த குழந்தையின் கட்டணம் அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான கணக்கு, உங்கள் கடன் இல்லை. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, ஆர்.டி.இ. பங்கும் அடங்கிய 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. அதற்காக மாநிலத்துக்கு வழியே இல்லை என்று இல்லை: சட்டமன்றத்தில் துறைக்கான பணம் மானியக் கோரிக்கையாக வந்து நிறைவேறும், நடுவில் பற்றவில்லை என்றால் கூடுதல் பணத்துக்குத் துணை மானியக் கோரிக்கை வைக்க வேண்டும். ஒன்றியம் தரவில்லை என்று சொல்லி மாநிலம் ஒதுங்க முடியாது என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர்கள் சண்டை அவர்களோடு.

சேர்க்கைக்குப் போகிறவர்களுக்குத்தான் மலையில் பொறி அதிகம். ஊட்டி, குன்னூரில் பெயர் பெற்ற கான்வென்ட் பலவும் சிறுபான்மைப் பள்ளிகள், அங்கே இந்த 25 சதவீதமே கிடையாது, வீணாக வரிசையில் நிற்காதீர்கள். அப்புறம் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. எஸ்டேட் மாறி லைன் வீடும் மாறியிருப்பீர்கள், ஆதாரில் பழைய முகவரியே இருக்கும், தூரம் அங்கேயே அடிபட்டுவிடும். முதலில் அதை மாற்றுங்கள். கூடலூரில் உரிமை இன்னும் முடிவாகாத ஜன்மம் நிலத்தில் (பிரிவு 17 நிலம்) இருப்பவர்களிடம் பட்டா எங்கே என்று கேட்பார்கள், ரேஷன் கார்டை நீட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு லட்ச ரூபாய் வருமான வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு மட்டும்தான், சாதிச் சான்றிதழ் வைத்து வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் போடுகிறவர்கள் வருமானச் சான்றுக்காக அலைய வேண்டாம். அலைய வேண்டியவர்கள் இப்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் கிராம நிர்வாக அலுவலர் "கேம்ப்" போய்விட்டால் நாலு நாள் கூலி போகும், கடைசித் தேதியும் போகும்.

சரி, பணம் கேட்டே விட்டார்களா? எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். சீட்டு வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்கு அழையுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவும் கொடுங்கள், மனு எண் வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் என்ன தலைப்பில் வாங்கினார்கள் என்று ரசீது கேளுங்கள். கல்விக் கட்டணமாக வாங்கியதை வேன் கட்டணம் என்று மாற்றி எழுதித் தந்தால் உடனே ஆட்சேபித்து எழுதிக் கொடுங்கள், வேன் கட்டணம் இந்தச் சலுகையில் வராது.