மணிப்பிளாண்டில் மணி எங்கே?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விறாந்தை உள்ள வீடு என்றால், ஒரு போத்தல் தண்ணீருக்குள்ளாவது இந்தக் கொடி நிற்கும். பெயர் மணிப்பிளாண்ட். எங்கள் அம்மம்மா 'மணிக்கண்டு' என்பா. கோயில் மணியா, பாசிமணியா என்று அவ யோசித்ததேயில்லை. உண்மையில் இந்த 'மணி' ஆங்கிலத்தில் காசைக் குறிக்கும் சொல். வீட்டில் வளர்த்தால் காசு சேரும் என்ற நம்பிக்கையோடு ஒட்டிய பெயர். களவாய் முறித்துக்கொண்டு வந்தால்தான் தழைக்கும் என்றும் சொல்வார்கள். கணு இருக்கிற துண்டு என்றால் கேட்டு வாங்கியதும் வேர்விடும். கணு இல்லாத இலைக்காம்பைக் களவெடுத்தும் பயனில்லை.

இதற்குப் 'போத்தோஸ்' என்றொரு பெயரும் உண்டு. அது நம் தீவிலிருந்து போன சொல். சிங்களத்தில் ஒரு காட்டுக்கொடிக்கு வழங்கிய 'போத்த' என்ற பெயரை, 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு பேரினத்துக்கு வைத்தார். நம் விறாந்தைக் கொடியோ பசிபிக்கில் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவைச் சேர்ந்தது. 1880இல் அதைப் போத்தோஸ் பேரினத்தில் சேர்த்தார்கள், அப்புறம் சின்டாப்சஸ் என்றார்கள், 1964இல் 'எபிப்ரெம்னம் ஔரியம்' என்றார்கள். எபிப்ரெம்னம் என்றால் கிரேக்கத்தில் அடிமரத்தின் மேல் இருப்பது. ஔரியம் என்றால் இலத்தீனில் பொன்னிறம். இத்தனை தடுமாற்றத்துக்கு ஒரு காரணம், இது பூப்பதே அரிது. பூக்கத் தூண்டும் ஜிபரெலின் என்ற ஓமோன் இதற்குள் சரியாக உருவாவதில்லை என்று 2016இல் கண்டார்கள். பூவைப் பார்க்காமல் இனம் பிரிப்பது லேசில்லை.

குடும்பம் என்னவோ நம் சேம்பின் குடும்பம்தான். சாறு பட்டால் கடிக்கும், ஆடுமாடு தின்னாமல் பார்க்கவேண்டும். தொங்கவிட்டால் இலை சிறுத்துப்போகும். கிணற்றடி மாமரத்தில் ஏறவிட்டால் அதே கொடி சுளகளவு இலை போடும், ஓரமும் கிழிந்திருக்கும். வேறேதோ இனம் என்றே நினைப்பீர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பணச்செடி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு குறை தெரிகிறது: நம்பிக்கையைப் பெயராக்குகிறது, கொடியைச் செடி என்கிறது. ஔரியத்தை அப்படியே எடுத்தால் 'பொற்கொடி' வரும். அழகான சொல்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் கொடி என்றால் முதலில் தாலிக்கொடி. பொற்கொடி எங்கே வாங்கலாம் என்று கேட்டால் நகைக்கடைக்குத்தான் வழிகாட்டுவார்கள். ஆகவே 'பொன்னிலைக்கொடி' என்பேன். இலையில் மஞ்சள் தெளித்திருப்பதையும் அது சொல்லிவிடும்.

எந்தப் பெயரில் வளர்த்தாலும் போத்தல் தண்ணீரைக் கிழமைக்கு ஒருதரம் மாற்றுங்கள். நுளம்புக் குடம்பி கண்டால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா பெயரெல்லாம் விசாரிக்கமாட்டார்.