66 புள்ளிக்குக் கிடைக்காதது 59 புள்ளிக்குக் கிடைத்தது எப்படி?

ஜெர்மனியின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீகில் ஹாம்பர்க் அணி 2022-23 சீசனில் 66 புள்ளிகள் எடுத்தது. வந்தது மூன்றாம் இடம்; மேலே போக முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2024-25 சீசனில் 59 புள்ளிகள்தான் எடுத்தது. இந்த முறை இரண்டாம் இடம் வந்து, நேராக முதல் நிலை லீகான பண்டஸ்லிகாவுக்கு ஏறிவிட்டது. ஹாம்பர்க் அந்த லீகில் இருந்த ஏழு சீசன்களின் புள்ளிகளை வரிசையாகப் பாருங்கள்: 56, 54, 58, 60, 66, 58, 59. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அணியின் திறமை எவ்வளவு காரணம், தற்செயல் எவ்வளவு காரணம் என்பதைக் கணக்குப் போட்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

லீகின் விதி எளிது. 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. முதல் இரண்டு இடங்களுக்கு நேரடி உயர்வு. மூன்றாவதாக வரும் அணி, பண்டஸ்லிகாவில் 16வதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டங்கள் மோதி ஜெயிக்க வேண்டும்.

கால்பந்தில் கோல் அரிது. அரிதான நிகழ்வுகளை எண்ணுவதற்கு ஒரு பழைய கணிதக் கருவி இருக்கிறது, பாய்சான் பரவல் என்று பெயர். 1898இல் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர், பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு இதைப் பொருத்திக் காட்டினார். கோல்களுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. சராசரி மட்டும் தெரிந்தால் போதும். பூஜ்யம் கோல், ஒரு கோல், இரண்டு கோல் விழ என்ன வாய்ப்பு என்று சொல்லிவிடும்.

ஒரு நல்ல அணியை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 கோல் போடும், 1.2 கோல் வாங்கும். பாய்சான் கணக்குப்படி இந்த அணி நூறு ஆட்டங்களில் சுமார் 51இல் வெல்லும், 23 டிரா ஆகும், 25இல் தோற்கும். எதிரணியைவிட ஒன்றரை மடங்கு கோல் போடும் அணி, நான்கில் ஓர் ஆட்டம் தோற்கிறது! கூடைப்பந்தில் இப்படி நடக்காது. அங்கே ஓர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் பல டஜன் கூடைகள் விழும், அதிர்ஷ்டத்தின் பங்கு சமனாகிவிடும். கால்பந்தில் சமனாவதற்குள் 90 நிமிடம் முடிந்துவிடுகிறது.

சரி, 34 ஆட்டங்கள் சேர்ந்தால் சமனாகிவிடாதா? அந்த நல்ல அணிக்கு ஆட்டத்துக்குச் சராசரி 1.77 புள்ளி கிடைக்கும், சீசனுக்குச் சுமார் 60. ஒரே ஆட்டத்தில் இந்தச் சராசரியிலிருந்து வரும் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் அளவு, ஏறக்குறைய 1.3 புள்ளி. ஆட்டங்களைக் கூட்டும்போது விலக்கம் வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் வளரும். 34இன் வர்க்கமூலம் 5.8, அதை 1.3ஆல் பெருக்கினால் ஏழரை. அதாவது, திறமை கொஞ்சமும் மாறாத அணிகூட ஒரு சீசனில் 53 எடுக்கலாம், இன்னொன்றில் 67 எடுக்கலாம். மூன்றில் இரண்டு சீசன்கள் இந்த வரம்புக்குள் விழும். ஹாம்பர்க்கின் ஏழு எண்களும் அதற்குள்ளேயே அடங்குகின்றன. அந்த ஏழு வருடங்களில் வீரர்களும் பயிற்சியாளர்களும் மாறினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த எண்களை விளக்க அந்த மாற்றங்கள் தேவைப்படவே இல்லை.

ஒரு லீக் சீசன் என்பது ஐந்து கிலோ முன்னே பின்னே காட்டும் எடை மேடை. அதில் நின்று 200 கிராம் வித்தியாசத்தை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் லீகில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அதன் அமைப்பே காரணம். வருடா வருடம் மிக நல்ல அணிகள் மேலே போய்விடும், மிக மோசமானவை கீழே விழுந்துவிடும். இரண்டு நுனிகளையும் வெட்டிக்கொண்டே இருந்தால் மிஞ்சுவது நடுத்தரம். பண்டஸ்லிகாவில் பேயர்ன் மியூனிக் அணி 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை சாம்பியன் ஆனது. அப்படி ஓர் அணி இரண்டாம் லீகில் உருவானால் அடுத்த வருடமே அங்கே இருக்காது. அணிகளுக்கு இடையே திறமை வித்தியாசம் சுருங்கச் சுருங்க, அட்டவணையில் தற்செயலின் பங்கு பெருகும்.

2023 மே 28, சீசனின் கடைசி நாள். ஹாம்பர்க் ஸாண்ட்ஹவுசனில் 1-0 என்று வென்று முடித்துவிட்டது. ரசிகர்கள் உயர்வு கிடைத்துவிட்டது என்று மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். அதே நேரம் ரேகன்ஸ்பர்க்கில் 2-0 என்று பின்தங்கி, 90வது நிமிடம் வரை 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்த, உயர்வுக்கு ஹாம்பர்க்கோடு போட்டியிட்ட ஹைடன்ஹைம், கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் பெனால்டியில் சமன் செய்தது. ஒன்பதாவது நிமிடத்தில் டிம் கிளைன்டீன்ஸ்ட் வெற்றி கோல் போட்டார். இறுதி அட்டவணை: ஹைடன்ஹைம் 67, டார்ம்ஸ்டாட் 67, ஹாம்பர்க் 66. அப்புறம் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஸ்டுட்கார்ட்டிடம் ஹாம்பர்க் தோற்றது, மொத்தம் 6-1. ஒரு புள்ளி வித்தியாசத்தை வைத்து, அந்த 34 ஆட்டங்களில் யார் சிறந்த அணி என்று எந்தக் கணக்கும் சொல்லாது. இரண்டு அணிகளுக்கு உண்மையிலேயே சீசனுக்கு மூன்று புள்ளி திறமை வித்தியாசம் இருந்தாலும், அதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்கச் சுமார் ஐம்பது சீசன்கள் தேவைப்படும்.

அதனால்தான் கிளப்புகள் இப்போது கோலுக்குப் பதில் ஷாட்களை எண்ணுகின்றன. சீசனில் ஓர் அணி ஐம்பது, அறுபது கோல் போட்டால் ஷாட்கள் பல நூறு இருக்கும். எண்ணிக்கை பெரிதானால் பிழையின் விகிதம் குறையும். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாகும் நிகழ்தகவைக் கூட்டிப் பார்ப்பதுதான் எக்ஸ்ஜி என்ற அளவு. அணியின் அடுத்த சில மாதங்களைக் கணிக்க, பழைய கோல் கணக்கைவிட இது பெரும்பாலும் நன்றாக உதவுகிறது.

என் பார்வையில், இதையெல்லாம்விடப் பெரிய பலன் பொறுமைதான். ஹாம்பர்க் அந்த ஏழு சீசன்களில் பயிற்சியாளரைப் பலமுறை மாற்றியது. ஹைடன்ஹைமில் ஃபிராங்க் ஷ்மிட் 2007இல் பொறுப்பேற்றவர். 2017-18இல் அவருடைய அணி இரண்டாம் லீகில் 13வது இடத்துக்குப் போனது. கிளப் அவரை அனுப்பவில்லை. அடுத்த வருடம் ஐந்தாவது இடம், அதற்கடுத்த வருடம் மூன்றாவது, 2023இல் முதலாவது.