தலைகீழாகப் பறக்கும் எஞ்சினுக்கு எண்ணெய் எப்படிக் கிடைக்கிறது?

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகசத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர், வயல் பம்பு செட்டுகளைப் பழுது பார்ப்பவர், இப்படிக் கேட்டிருந்தார்: "எங்கள் ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றும்போது சற்றுச் சாய்ந்தாலே ஆயில் வழிந்துவிடுகிறது. தலைகீழாகப் பறக்கிற விமானத்தில் அது எங்கே போகும்? அங்கே எஞ்சின் கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வார்கள்?" அன்று பறந்த சூரியகிரண் குழுவின் ஹாக் விமானங்கள் ஜெட் வகை, அவற்றின் ஏற்பாடு வேறு. ஆயில் எஞ்சினைப் போலவே பிஸ்டன்கள் ஓடும் இரட்டை இறக்கைச் சாகச விமானங்களுக்குத்தான் அவருடைய கேள்வி நேராகப் பொருந்துகிறது.

அவற்றுள் புகழ்பெற்றது, அமெரிக்கரான கர்டிஸ் பிட்ஸ் உருவாக்கி 1944இல் முதன்முதலாகப் பறந்த பிட்ஸ் ஸ்பெஷல். எஃகுக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே துணிப் போர்வை என்று எளிமையான உடல். பின்னாளில் வந்த இருவர் அமரும் எஸ்-2ஏ வகையில் 200 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சினும், எஸ்-2பி வகையில் 260 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினும் பொருத்தப்பட்டன.

நிமிர்ந்து பறக்கையில் எண்ணெய், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் தேங்கி நிற்கும். பம்பு அதை உறிஞ்சி, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அனுப்பும். விமானம் கவிழ்ந்து பறந்தால் எண்ணெய் முழுவதும் எஞ்சின் கூட்டின் மேற்புறத்துக்குப் போய்விடும். பம்பு காற்றை உறிஞ்சும். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். போதாக்குறைக்கு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு வெளியேறுவதற்காக மேற்புறத்தில் விட்டிருக்கும் மூச்சுத்துளை வழியாக எண்ணெய் வெளியே கொட்டும்.

எண்ணெயை வீணாக்கும் அந்தத் துளையையே எண்ணெய் எடுக்கும் வாயாக மாற்றிவிட்டதுதான் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு. சம்ப்பிலிருந்து ஒரு குழாயும் மூச்சுத்துளையிலிருந்து ஒரு குழாயும் ஒரு வால்வில் வந்து சேர்கின்றன. அதனுள் கனமான உலோகப் பந்துகள் உருண்டு நகரும்படி வைக்கப்பட்டுள்ளன. நிமிர்ந்த நிலையில் அவை சம்ப்பின் வழியைப் பம்புக்குத் திறந்துவிடுகின்றன. வாயு மூச்சுத்துளை வழியாக வெளியேறுகிறது. கவிழ்ந்ததும் பந்துகள் எதிர்ப்புறம் விழுந்து சம்ப்பின் வழியை அடைத்து, மூச்சுத்துளைக் குழாயைப் பம்புக்குத் திறக்கின்றன. இப்போது வாயு, காலியாகிவிட்ட சம்ப்பின் வழியாகப் போகிறது. வாயுவோடு வரும் எண்ணெயைப் பிரித்துத் திருப்பி அனுப்ப ஒரு சிறு கலனும் உண்டு.

இதில் என்னை மயக்குவது, விமானம் கவிழ்ந்திருக்கிறதா என்று பந்து பார்ப்பதே இல்லை என்பதுதான். செங்குத்து வட்டம் அடிக்கும் விமானம் உச்சியில் தலைகீழாக இருந்தாலும், வட்ட இயக்கத்தின் விளைவாக எண்ணெய் சம்ப்பை நோக்கியே அழுந்திக் கிடக்கும். பந்தும் அதே பக்கமே அழுந்தும். எண்ணெயை எந்த விசை தள்ளுகிறதோ அதே விசைதான் பந்தையும் தள்ளுகிறது என்பதால், உணர்கருவியோ மின்கம்பியோ இல்லாமலேயே வால்வு எண்ணெயைப் பின்தொடர்கிறது. இப்படியொரு வால்வைக் குறுக்காக அறுத்து நம் பாலிடெக்னிக்குகளில் வைத்தால், புதிய கணினிக் கூடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதிகூடச் செலவாகாது. மாணவர்களுக்கோ ஒரு பருவத்துப் பாடம் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

இனி, பழுது. எண்ணெய் அழுத்தம் குறைந்தது என்று விமானி சொன்னதும் மெக்கானிக் முதலில் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, அதன் தகர உறையை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். மினுங்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பேரிங்கோ அலுமினியப் பாகமோ தேய்கிறது. துகள் மிகுதியாக இருந்தால் எஞ்சினை முழுவதும் பிரித்து, கிராங்க் ஷாஃப்டைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேட வேண்டும். ஆயுத பூசைக்கு எஞ்சினுக்குச் சந்தனம் வைப்பதிலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதிலும் எனக்கு வழக்கில்லை. வடிகட்டியை வெட்டிப் பார்ப்பதற்கு அவை ஈடாகும் என்று நினைப்பவரிடம்தான் வழக்கு.

எஞ்சினைப் பிரித்த கையோடு மேம்பாடுகளையும் செய்துவிடுவது வழக்கம். எண்ணெய் அழுத்தத்தால் இதழ்க் கோணம் மாறும் புரொப்பெல்லரில், சாதாரண ஒற்றை எஞ்சின் விமானத்தில் அழுத்தம் போனால் இதழ்கள் தட்டையாகி எஞ்சின் கட்டுமீறி வேகமெடுக்கும். சாகச விமானத்தில் எதிரெடைகள் வைத்து இதைத் திருப்பிவிடுகிறார்கள். அழுத்தம் போனால் இதழ்கள் கூடுதல் கோணத்துக்குத் திரும்பி எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும். உலோக இதழ்களுக்குப் பதில் மரத்தின் மேல் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் போர்த்திய இலகுவான இதழ்களைப் பொருத்தினால், விமானம் குட்டிக்கரணம் போடும்போது கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஏறும் வளைவுச் சுமையும் குறைகிறது.

எரிபொருளுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப்போரில், எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் மிதவைக் கார்புரேட்டர் வைத்த, பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின்கள், மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்தியதும் திணறின. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் சிறு துளையிட்ட உலோகத் தடுப்பு ஒன்றால் அதைப் பெருமளவு அடக்கினார். இன்று எரிபொருளை அழுத்தத்தில் பீய்ச்சிச் செலுத்தும் முறையும், தொட்டிக்குள் நுனியில் எடை கட்டிய வளைகுழாயும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல இந்தக் குழாய் விறைத்துப்போய் எடையோடு சேர்ந்து விழாது என்பதால், பழுதுபார்க்கையில் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

மீண்டும் கூட்டிய எஞ்சினை உடனே கவிழ்த்துவிட மாட்டார்கள். புதிய பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பொருந்தும்வரை கனிம எண்ணெய் ஊற்றி, நல்ல விசையில், நேராக மட்டுமே பறப்பார்கள். எண்ணெய் குறையும் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகே தலைகீழ்ப் பறத்தல். அப்போதும் விமானி அழுத்தமானியைக் கவனித்தபடி இருப்பார்; பந்து இடம் மாறும் கணத்தில் முள் ஒருமுறை துள்ளுவது இயல்பு, துள்ளிய முள் கீழேயே நின்றுவிட்டால் உடனே நிமிர்ந்துவிட வேண்டும்.