வாய் நாறும் பூனை: பல், முரசு நோயைக் கவனியுங்கள்

பல்வலி உள்ள பூனையும் சாப்பிடும். கடிக்காமல் விழுங்கப் பழகிக்கொள்ளும். சோற்றில் கருவாட்டைப் பிசைந்து வைக்கும் வீடுகளில் மெல்லும் வேலையே குறைவு. அதனால் நோய் இன்னும் பிந்தித்தான் தெரியவரும். கோப்பைவரை ஓடிவந்து முகர்ந்துவிட்டுத் திரும்புவது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, எச்சில் வடிவது, உடம்பை நக்காமல் முடி சடைபிடிப்பது எல்லாம் வலிக்கான அடையாளங்கள். இரண்டு நாள் முழுப்பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும். அந்த இரண்டு நாளையும் காத்திருந்து பார்க்காதீர்கள்.

வாயைத் திறக்கத் தேவையில்லை. பின்னாலிருந்து தலையைப் பிடித்து, கன்னப் பக்கத்து மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கினால் போதும். பல்லோரத்து முரசில் (ஈறில்) சிவப்புக் கோடு மட்டும் என்றால் சுத்தம் செய்து மீட்கலாம். மஞ்சள், தவிட்டு நிறக் காரை (இறுகிய பல் அழுக்கு) ஏறி முரசு பல்லைவிட்டு ஒதுங்கியிருந்தால், கரைந்த எலும்பு திரும்பாது. பல்லின் அடியில் இளஞ்சிவப்புப் புள்ளி இருந்தாலோ, முரசு பல்மேல் ஏறியிருந்தாலோ பல் கரைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைப் பிடுங்குவதுதான் வழி. தொண்டைப் பக்கம்வரை சிவந்து புண்ணாகிக் கிடந்தால் பூனைகளுக்கு வரும் எயிட்ஸ், லுக்கீமியா (இரத்தப் புற்றுநோய்) வைரஸ்களுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். இத்தகைய பூனைக்குக் கடைவாய்ப் பற்களையோ எல்லாப் பற்களையுமோ எடுக்கச் சொன்னால் பதற வேண்டாம்; பல் இல்லாமலே பூனை நன்றாகச் சாப்பிடும். மாதாமாதம் ஸ்டெரொய்ட் ஊசி போட்டு நாள் கடத்துவது மூலத்தைத் தீர்க்காது, நீரிழிவையும் கொண்டுவரலாம்.

வலிக்கென்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய், முரசு தவிட்டு நிறமாகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுக்கும். கராம்பு எண்ணெயும் நஞ்சு.

மயக்க மருந்து இல்லாமல் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், நோய் முரசுக்கடியில் அப்படியே இருக்கும். ஆகவே மிருக வைத்தியரிடம் போகுமுன் மயக்க வசதி, பல் எக்ஸ்ரே உண்டா என்று கேளுங்கள். டவுனில் இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையை விசாரிக்கலாம். வளர்ந்த பூனைக்கு, மயக்கம் கொடுப்பதற்கு முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதுவரை என்று வைத்தியரிடம் கேளுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் திரும்பி வரும்போது கவனம்: மயக்கத்துக்குப் பிறகு உடல்சூடு குறையும். கூடையில் கம்பளி விரித்து, துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் பூனை விலகிப் படுக்க இடம் இருக்கட்டும். பல் பிடுங்கிய பின் இரண்டு வாரம் மசித்த மீன், முள்ளில்லாமல்.

முரசு ஆறிய பிறகே பிரஷ். புண்வாயில் தேய்த்தால் பூனை பிறகு கையையே கிட்டவிடாது. முதல் வாரம் மீன் அவித்த தண்ணீரை விரலில் தொட்டு முரசில் தடவுங்கள். அடுத்து விரலில் சுற்றிய ஈரத்துணி. பிறகு குழந்தைகளின் மென்மையான சின்ன பிரஷ். வெளிப்பக்கம் மட்டும், பக்கத்துக்கு அரை நிமிடம், தினமும். படிந்த அழுக்கு இரண்டு மூன்று நாளில் இறுகிக் காரையாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்ப்பதில் பயன் குறைவு. நம் பற்பசை வேண்டாம், பூனை அதைத் துப்பாது.