பட்டத்தின் பெயரை விடுங்கள், அதை வைத்து எந்தத் தேர்வு எழுதலாம் என்று கேளுங்கள்

போன மாதமும் ஒரு மாணவர் அப்பாவோடு வந்தார். நாலு வருடம் கினிசியாலஜி, அதாவது உடல் அசைவியல், படித்து முடித்திருக்கிறார், மதிப்பெண்கள் அருமை. "அத்லெட்டிக் ட்ரெயினர் லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிக்கணும்?" என்று கேட்டார். இன்னும் இரண்டு வருடம் முதுகலை படித்தால்தான் தேர்வே எழுத முடியும் என்றதும் பையன் பேசவில்லை. அப்பாதான் பேசினார். "காலேஜ் வெப்சைட்ல அத்லெட்டிக் ட்ரெயினிங்னு போட்டிருந்ததேங்க."

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது முதுகலைக்குத் தயார் செய்யும் பாதை. தொழிலுக்குள் விடும் படிப்பு இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்குப் பாடத்திட்ட ஆலோசனை சொல்வது என் வேலை. விளையாட்டு வீரர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெயினிங், பொழுதுபோக்குச் செயல்பாடுகளை நடத்தும் ரிக்ரியேஷன், வழக்கறிஞருக்கு உதவியாளராகும் பாராலீகல் என்று எந்தப் படிப்பானாலும் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். கட்டணம் கட்டி, வருடங்கள் போன பிறகு வருகிறார்கள் என்பதுதான் வேதனை.

அத்லெட்டிக் ட்ரெயினிங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 இலையுதிர் பருவம் தொடங்கிய பிறகு, அங்கீகாரம் பெற்ற இளநிலைத் திட்டம் எதுவும் இத்துறையில் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது. அங்கீகாரம் கொடுக்கும் சிஏஏடிஇ அமைப்பின் விதி இது. சேர்ந்திருந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம், புதிதாக வருபவர்களுக்கு முதுகலைதான். அந்த முதுகலையின் கடைசிப் பருவத்தில்தான் பிஓசி என்கிற சான்றிதழ்த் தேர்வை எழுத முடியும். அதில் தேறிய பிறகுதான் மாநில லைசென்ஸ். இதில் கலிஃபோர்னியா மட்டும் நீண்ட காலமாக விதிவிலக்கு, அங்கே மாநில லைசென்ஸே கிடையாது. இவ்வளவும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் "என் அண்ணன் பையன் நாலு வருஷத்துல முடிச்சான்" என்று பழைய கணக்கையே சொல்கிறார்கள். அவர் படித்தது வேறு காலம்.

எக்சர்சைஸ் சயின்ஸ், கினிசியாலஜி, ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், அத்லெட்டிக் ட்ரெயினிங் நான்கும் ஒன்று என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்று கிடையவே கிடையாது. உடல் எப்படி அசைகிறது என்பதைப் படிப்பது கினிசியாலஜி. அணியையும் மைதானத்தையும் வரவு செலவையும் நடத்துவது ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட். அத்லெட்டிக் ட்ரெயினர் சுகாதாரத் துறை நிபுணர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜிம்மில் எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பவருக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. பெயரில் ட்ரெயினர் என்று இருப்பதால் "ஜிம் மாஸ்டருக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?" என்று கேட்கும் பெற்றோரைக் கையைப் பிடித்து ஆகஸ்ட் மாத அமெரிக்க ஃபுட்பால் பயிற்சிக்கு அழைத்துப் போகலாம் போலிருக்கும்.

வெயிலில் பையன்கள் முழுக் கவசத்தோடு ஓடுகிறார்கள். மைதான ஓரத்தில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டி தயாராக நிற்கிறது. ஒரு பையன் தடுமாறி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அத்லெட்டிக் ட்ரெயினர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதில்லை. மலக்குடல் வழியாக உடல் வெப்பத்தை அளக்கிறார். 40.5 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் கவசத்தைக் கழற்றித் தொட்டியில் இறக்குகிறார். ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை 39-க்குக் கீழே இறக்கினால் பிள்ளை பிழைத்துக்கொள்வான். அந்த முடிவை எடுக்கும் ஆளுக்குத்தான் இந்தப் படிப்பு. அதைக் குறுக்கு வழியில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

ஏமாந்து போகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது. முதுகலையிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று தொழிலுக்குள் நுழைபவர்களுக்கு. மற்றது ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்களின் மேற்படிப்பு. இரண்டாவதில் சேர்ந்துவிட்டால் பட்டம் கிடைக்கும், தேர்வு எழுதும் தகுதி கிடைக்காது. தமிழ்நாட்டில் பிபிடி என்கிற பிசியோதெரபி இளநிலை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளே, இதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் பிபிடியை மட்டும் வைத்துக்கொண்டு பிஓசி எழுத முடியாது. நீங்களும் முதல் வகைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ரிக்ரியேஷன் படிப்பை "விளையாட்டு காட்டுற வேலை" என்று ஒதுக்குபவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் வேலை செய்யும் ஆசையோடு வருபவர்கள் கவனியுங்கள். அதற்கு சிடிஆர்எஸ் என்ற, சிகிச்சை சார்ந்த ரிக்ரியேஷன் நிபுணருக்கான சான்றிதழ் வேண்டும். பூங்கா நிர்வாகம் படித்த பட்டம் அதற்குத் தானாகப் பொருந்தாது. சிகிச்சை சார்ந்த ரிக்ரியேஷன் பாடங்கள் தனியாக வேண்டும், உடற்கூறியலும் அசாதாரண உளவியலும் வேண்டும். அதோடு தொடர்ந்து 14 வாரம், குறைந்தது 560 மணி நேர இன்டர்ன்ஷிப். மேற்பார்வையாளரும் அதே சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு வந்து நின்றால் யாராலும் உதவ முடியாது.

பாராலீகலில் தவறு வேறு மாதிரி. ஊரில் வக்கீலாக இருந்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்த தங்கைகள் பலர், பாராலீகல் சான்றிதழ் முடித்தால் வக்கீல் ஆவதில் பாதி தூரம் வந்தாயிற்று என்று நினைக்கிறார்கள். இல்லம்மா. அந்தப் பாடங்கள் சட்டக் கல்லூரியில் கணக்கில் வராது. பாராலீகல் வழக்கறிஞரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம், தன் பொறுப்பில் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வக்கீல் ஆவதுதான் ஆசை என்றால் முதலில் உங்கள் சட்டப் பட்டத்தை எடுத்துப் பாருங்கள். நியூயார்க் போன்ற மாநிலங்களில் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகள் பார் தேர்வு, அதாவது வக்கீல் உரிமத் தேர்வு, எழுத வழி இருக்கிறது. அதை விசாரிக்காமல் பாராலீகலுக்குப் பணம் கட்டாதீர்கள். பாராலீகல் வேலையே வேண்டும் என்றால் தாராளமாகப் படியுங்கள், நல்ல வேலை. வக்கீல்களின் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் ஒப்புதல் தந்த திட்டமா என்று மட்டும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் சட்டம் சொல்லும் தகுதி இல்லாமல் பாராலீகல் என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

அதனால் சேர்வதற்கு முன் கல்லூரியின் அங்கீகாரத்தோடு நிறுத்தாதீர்கள், அந்தப் படிப்புக்குத் தனி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிப் பக்கத்தில் அல்ல, அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். அதே பட்டியலில் ஒரு திட்டம் குறைகளுக்காகத் தகுதிகாண் நிலையில் (ப்ரொபேஷன்) இருந்தால் அதுவும் தெரியும். எத்தனை பேர் முதல் முறையிலேயே தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். அத்லெட்டிக் ட்ரெயினிங் திட்டங்கள் அதை வெளியிட்டே ஆக வேண்டும், மூன்று வருடக் கூட்டு விகிதம் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. "இந்தப் படிப்பை முடித்தால் எந்தத் தேர்வு எழுதலாம், நான் இருக்கும் மாநிலத்தில் அது செல்லுமா?" என்று துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னார்கள் என்று வந்து நிற்காதீர்கள்.

ஏற்கெனவே கினிசியாலஜியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து திட்டாதீர்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் படித்திருந்தால் முதுகலை கேட்கும் முன்பாடங்களில் பெரும்பகுதி முடிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் கல்லூரி ஆலோசகரை இந்தப் பருவத்திலேயே பாருங்கள். எந்தப் பாடம் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த பருவத்துக்கே பதிவு செய்துவிடலாம்.